சேஸ் துரு: ஒட்டுப் போடவா, பின்பாதியை மாற்றவா, வண்டியையே தள்ளிவிடவா?

மீன் ஏற்றும் பிக்கப்புக்கு வயது மற்ற வண்டிகளைப் போல ஏறுவதில்லை. தூத்துக்குடியில் ஜவுளி ஏற்றும் வண்டியும் மீன் ஏற்றும் வண்டியும் ஒரே மாதத்தில் ஷோரூமை விட்டு வெளியே வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வருடம் முதல் வண்டியின் சேஸில், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டத்தில், செம்மண் பூசியது போல மேலாகத் துரு படிந்திருக்கும். இரண்டாவது வண்டியின் சேஸில் விரல் நுழையும். என் மச்சினனின் வண்டி இந்த இரண்டாவது ரகம். 2012 மாடல். ராத்திரி மீன்பிடித் துறைமுகத்தில் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கேரளாவில் போய் இறங்கும்.

எஃப்.சி.க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு) ஒரு மாதம் இருக்கும்போது பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தான். போகவில்லை. டீசல் தொட்டுத் துடைத்தான், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. "அத்தான், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று போன் வந்தது அப்போதுதான்.

அதிலிருந்து மூன்று வாரம் ஆளுக்கொரு யோசனை. சுரண்டிப் பெயின்ட் அடித்தால் போதும் என்றார் ஒருவர். தகடு வைத்துப் பற்றவை என்றார் இன்னொருவர். பின்பாதியை வெட்டிவிட்டு வேறு போடு, முழு சேஸையே மாற்று, பேசாமல் விற்றுவிடு என்று வரிசையாக வந்தன. ஐந்துமே யாராவது ஒருவருக்குச் சரியான பதில்தான். எங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ள நான் வண்டிக்கு அடியில் படுத்து, நாலு பட்டறை ஏறி இறங்கி, விலை கேட்டு அலைந்தேன். கடைசியில் புரிந்தது இதுதான்: துரு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போவோம். அது சேஸில் எந்த இடத்தில் இருக்கிறது, அதைச் சுற்றி இரும்பு எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். பெட்டியில் ஐஸ் உருகி, அந்த உப்போடும் மீன் கழிவோடும் சேர்ந்து பின்கதவு இடுக்கு வழியாக நேரே கடைசிக் கிராஸ் மெம்பர் (இரண்டு பக்கச் சட்டத்தையும் சேர்க்கும் குறுக்குச் சட்டம்) மேல் சொட்டுகிறது. வண்டி நின்று காய்ந்த பிறகும் உப்பு சும்மா இருப்பதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி நீர்விடுகிறதே, அதே வேலைதான் சேஸின் இடுக்குகளில் வருடம் முழுக்க நடக்கிறது.

இன்னொரு இடம் கண்ணுக்கே தெரியாது. லோடு பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் மரக்கட்டை பேக்கிங் வைத்து யூ போல்ட்டில் இறுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டை உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு சேஸ் சட்டத்தின் மேல் மடிப்போடு (மேல் ஓரத்தில் மடங்கி நிற்கும் பட்டை) ஒட்டிக் கிடக்கும். கீழிருந்து பார்க்கிறவருக்கு சேஸ் நன்றாகவே தெரியும். நாங்கள் ஒரு யூ போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி வைத்துப் பாடியை இரண்டு விரல் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தோம். கட்டை இருந்த இடத்தில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து, பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. துரு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளைக்கூடப் பிரித்துத் தள்ளிவிடுகிறது.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சின்னச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். அரித்த இரும்பு 'தொப்' என்று வாயை மூடிக்கொள்ளும். தொப் என்ற இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்த வேண்டும். எங்கள் வண்டியில் இடதுபக்கம் இரண்டு இடத்தில் உள்ளே போனது, அதில் ஒன்று பிராக்கெட்டுக்கு நேர் மேலே. இரண்டு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி சேஸ் உள்ள வண்டி என்றால், உள்ளே மண் சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும். அங்கே வெளிப்பூச்சு பளபளவென்று இருப்பதை நம்பவே கூடாது.

சரி, இனி ஒவ்வொன்றாக.

சுரண்டிப் பூசுவது. தட்டினால் டங் என்று சொல்லும் சேஸுக்கு இதுதான் சரி, வேறு எதுவும் செலவழிக்க வேண்டாம். கம்பி பிரஷ் போட்டு உரித்து, நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமரும் எபாக்சி பெயின்ட்டும் அடிப்பது. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவுவது துருவுக்கு விருந்து. துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் கடையில் விற்கிறார்கள். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுத்துப் போகுமே, அதே சங்கதி. மெல்லிசாக ஒட்டியிருக்கும் துருவில் அது பிடிக்கும். அடுக்காக உரியும் துருவில் மேல்தோலை மட்டும் கறுப்பாக்கிவிட்டுப் போய்விடும்.

கழிவு ஆயில் அடிப்பது கடற்கரையில் பழைய வழக்கம். துருவின் வேகம் கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஊறிப்போகும், சொட்டுகிற இடமெல்லாம் நாசம். உப்பைக் கழுவாமல் மேலே கிரீஸைப் பூசுகிறவர்களும் உண்டு. அது உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை.

சுரண்டிப் பூச எங்களுக்குச் சொன்ன விலை ஒன்பதாயிரம், இரண்டு நாள் வேலை. ஓட்டை விழுந்த சேஸுக்கு இதைச் செய்வது கண் துடைப்பு. எஃப்.சி.க்கு முந்தின வாரம் கறுப்பு பெயின்ட் விற்பனை ஏறுவதன் ரகசியமும் இதுதான் என்பது என் சந்தேகம்.

அடுத்தது தகடு வைத்துப் பற்றவைப்பது. பெரும்பாலானவர்கள் போவது இந்த வழியில்தான், அதிகம் கெட்டுப்போவதும் இதில்தான். மச்சினன் வண்டியிலேயே முந்தின வருடம் ஒரு பட்டறையில் தகடு வைத்திருந்தார்கள். விரிசல் விழுந்தது அந்தத் தகடு முடிகிற இடத்தில். இந்த முறை நாங்கள் பிடித்த வெல்டர் அண்ணாச்சி கிரைண்டரை வைத்துப் பழைய பெயின்ட்டைத் தேய்த்ததுமே சிரித்தார். "எட்டு எம்.எம். தகடு வச்சிருக்கான் தம்பி. சேஸே மூணரை, நாலுதான் இருக்கும். செங்கலை வேட்டியில முடிஞ்ச மாதிரி."

அவர் சொன்னதன் பொருள் இது. சேஸ் ஓட்டத்தில் வளைந்து நிமிரும். நடுவில் ஒரு துண்டு மட்டும் வளையாமல் விறைத்து நின்றால், அந்த வளைவு முழுவதும் துண்டு முடியும் ஓரத்தில் வந்து குவியும். அதனால் தகடு ஏறக்குறைய சேஸின் கனமே இருக்க வேண்டும். சதுரமாக வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் பற்றவைத்தால் 'இங்கே கிழி' என்று கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. இரண்டு முனையும் மீன்வால் போலவோ வைரம் போலவோ சாய்ந்து முடிய வேண்டும். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் குறுக்கே வெல்டு ஓடக் கூடாது, துளையும் போடக் கூடாது. இரண்டு அச்சுக்கும் நடுவில் பாரம் ஏறும்போது கீழ் மடிப்புதான் இழுபடுகிறது; பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதியில் மேல் மடிப்பு இழுபடுகிறது. இழுபடும் ஓரத்தில் சின்னக் கீறல் விட்டாலும் அது வளரும்.

பழைய இரும்பு எங்கே பளபளவென்று வெளிவருகிறதோ அதுவரை தேய்த்துக்கொண்டே போய், அங்கிருந்துதான் தகடு தொடங்க வேண்டும். துரு மேலேயே வெல்டு வைத்தால் உள்ளே குமிழி குமிழியாக நிற்கும். இரும்பு மெலிந்து போயிருந்தால் இன்னும் மோசம். ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும். எங்கள் வண்டியின் வலதுபக்கத்தில் கையகல இடத்துக்குள் நல்ல இரும்பு வந்துவிட்டது. இடதுபக்கம் தேய்க்கத் தேய்க்க நீண்டுகொண்டே போனது.

மீன்காரர்கள் சிலர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு வைக்கச் சொன்னார்கள். பெட்டியே எஸ்.எஸ்.ஸில்தானே செய்கிறோம் என்ற நியாயம். உப்பு ஈரத்தில் எஸ்.எஸ்.ஸும் சாதா இரும்பும் ஒட்டி நின்றால் சாதா இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். தகடு அப்படியே மின்னும், அதைச் சுற்றியிருக்கும் சேஸ் கரைந்து போகும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடும் வேண்டாம், பற்றவைக்கும்போது கிளம்பும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலே கொண்டுவரும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி வயர் கழற்றுவது, ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) உள்ள வண்டி என்றால் அதன் கனெக்டரையும் பிரிப்பது, டீசல் டேங்கை இறக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் விடுவார்கள். சேஸை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பையும் அப்போதே பாருங்கள். சேஸையே அரித்த உப்பு அந்தப் பென்சில் கனத்துக் குழாயை விட்டுவைத்திருக்காது. பாடியைத் தூக்கி, இரண்டு பக்கமும் தகடு வைக்க எங்களிடம் கேட்டது இருபத்தெட்டாயிரம், நாலு நாள். பாடியைத் தூக்காமல் பாதி விலைக்குச் செய்கிறேன் என்றவரும் உண்டு. மேல் மடிப்பைப் பார்க்காமல் செய்யும் வேலைக்குப் பாதி விலையும் அதிகம்.

எந்த அளவு ஓட்டை வரை தகடு, எதற்கு மேல் மாற்று என்று கேட்டால் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். ஒரு அளவுகோல் மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அங்கே டொயோட்டா டகோமா பிக்கப்புகளின் சேஸ் அரித்தது பெரிய விவகாரமானது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு 2008-ல் அந்த நிறுவனம் உத்தரவாதத்தை 15 ஆண்டுக்கு நீட்டி, மோசமான வண்டிகளை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த தலைமுறை மாடல்களுக்காக 2016-ல் ஒரு வழக்கு சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அங்கே சேஸை மாற்றிக் கொடுக்க வைத்த எல்லை 10 மில்லிமீட்டர் ஓட்டை. சுண்டு விரல் நுனி அளவு! அதற்குக் குறைவென்றால் பூச்சு. நடுவில் தகடு வைக்கிற யோசனையே அவர்கள் பட்டியலில் இல்லை. கூலியும் வண்டி விலையும் வேறாக உள்ள நாட்டின் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனாலும் சின்ன ஓட்டைதானே என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்தப் பத்து மில்லிமீட்டர் ஞாபகம் வருகிறது.

மூன்றாவது, பின்பாதியை மாற்றுவது. முன்பக்கம் மோதி நொறுங்கிய வண்டியின் நல்ல பின்பாதியை வாங்கி, நம் வண்டியின் அரித்த பகுதியை வெட்டிவிட்டு இணைப்பது. கேட்கப் பயமாக இருக்கும். ஒழுங்காகச் செய்தால், அரித்த இரும்பில் பத்துத் தகடு ஒட்டுவதைவிட இது உறுதி, ஏனென்றால் இணைப்பு விழுவது நல்ல இரும்பில். பிராக்கெட்டும் துளையும் இல்லாத இடமாகப் பார்த்து, சாய்வாக வெட்டி, உள்ளே ஒரு சேனல் ('ப' வடிவ இரும்புச் சட்டம்) கொடுத்துச் சேர்க்க வேண்டும். இடதும் வலதும் ஒரே நேர்கோட்டில் சேரக் கூடாது, முன்னே பின்னே தள்ளி விழ வேண்டும்.

இதில் வெல்டரின் கையைவிட அளவெடுப்பவரின் கண்தான் முக்கியம். அண்ணாச்சி தூக்குக்குண்டைச் சேஸின் நான்கு இடங்களிலிருந்து தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை முழு வெல்டு போடவில்லை. புள்ளிப் புள்ளியாகப் பிடித்து நிறுத்தி, மறுபடி அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு மதியம் போனது. அதை விட்டிருந்தால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கும், டயர் ஆறு மாதத்தில் மொட்டையாகும்.

எழுபதாயிரம் சொன்னார்கள், பிரேக் பைப்பும் சேர்த்து. பத்து நாள் வண்டி நிற்கும். அந்தப் பத்து நாள் வாடகையையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வாங்கும் பின்பாதிக்குப் பில் இருக்க வேண்டும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குத் தாள் இருக்க வேண்டும். சேஸ் எண் குத்தியிருக்கும் பகுதியைத் தொடாமலும், வண்டியின் அளவு மாறாமலும் செய்வதாக இருந்தாலும், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் கேள்வி நம் பக்கம் திரும்பும்.

முழு சேஸ் மாற்றுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எண் மாறுகிறது என்றால் ஆர்.சி. மாறுகிறது, முன்அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. பழைய எண்ணைப் புதுச் சேஸில் நாமே குத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அது குற்றம், வண்டியோடு நாமும் உள்ளே போவோம். செலவு ஒன்றே முக்கால் லட்சத்தில் ஆரம்பித்தது. எங்கள் வண்டியின் விலைக்கு அது கட்டாது. எஞ்சினும் கேபினும் புதிது போல இருக்கும் அபூர்வமான வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

கடைசியாக விற்பது. இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்ற வியாபாரி ஒன்று நாற்பது சொன்னார். சேஸ் சரியாக இருந்தால் இரண்டு அறுபது தருவாராம். அந்த ஒன்று இருபது வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாக் கணக்கும் அடங்குகிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டால் எஃப்.சி. வருடா வருடம், பதினைந்து தாண்டினால் கட்டணமும் எகிறிவிடும். பதினைந்து ஆனதுமே தனியார் வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லும் சட்டம் நம் ஊரில் இல்லை, எஃப்.சி. கிடைக்கும்வரை ஓடலாம். (காயலான் கடை என்ற பேரே பக்கத்துக் காயல்பட்டினத்திலிருந்து வந்தது என்பார்கள். உப்புக்காற்று ஊருக்குப் பொருத்தமான பெருமை!) ஆனால் பதினைந்தை நெருங்கிய வண்டிக்கு எழுபதாயிரம் போட்டால், அது திரும்பி வர எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் என்றால் விற்றுவிடுவேன். கறுப்பு பெயின்ட் அடித்து, விரிசலை மறைத்து விற்பதை மட்டும் செய்ய மாட்டேன். அந்த வண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் யாரையோ ஏற்றிக்கொண்டு இறங்கும்.

மச்சினன் கணக்கு வேறு. புது வண்டிக்கு மாதத் தவணை கட்டும் அளவுக்கு லோடு நிலையாக இல்லை, எஞ்சின் இரண்டு வருடம் முன்புதான் இறக்கி ஏற்றியது, இன்னும் நாலைந்து வருடம் இதையே ஓட்டுவதாக இருந்தான். ஆகவே வலதுபக்க அரிப்புக்குத் தகடு போதும் என்ற ஆசையை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பின்பாதியை மாற்றினோம். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் ஒட்டு என்றால் பாரம் ஏறும்போது இரண்டும் ஒன்றுபோல வளையாது என்று அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். எனக்கும் அது சரியென்று பட்டது.

பாடியைத் திரும்ப ஏற்றும்போது மரக்கட்டைக்குப் பதில் கனமான ரப்பர் பட்டை வைத்தோம். பாடியின் தரையில் ஒரு மூலையில் துளை போட்டு, ஒன்றரை இன்ச் பி.வி.சி. குழாயை இறக்கி, ஐஸ் தண்ணீர் கிராஸ் மெம்பரைத் தொடாமல் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி விட்டோம். சாலையில் ஒழுகினால் பைக் ஓட்டுபவர்கள் வழுக்கி விழுவார்கள் என்பதால் குழாய்க்கு ஒரு வால்வு, இறக்குமிடத்தில்தான் திறப்பது. இணைப்பு இடங்களில் மட்டும் கறுப்பு அடிக்காமல் வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்னேன். அண்ணாச்சி ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெள்ளையில் விரிசல் வந்தால் துரு வழிந்து காப்பிக் கோடு போல முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தோம். கோடு இல்லை. ஒரு யூ போல்ட் மட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கினோம்.